உடை கடந்துபோகும், ஓவியம் காத்திருக்கும்: பேஷன் ஷோவும் கலைக்காட்சியும் சேர்ந்த நிகழ்ச்சிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஓர் ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அது எங்கும் போய்விடாது. போதும் என்று தோன்றினால் நாம்தான் நகர வேண்டும். பேஷன் ஷோவில் மாடல்கள் நடந்துவரும் நீண்ட மேடையான ராம்பில் வரும் உடை அப்படியல்ல. வெளிச்சத்தில் நம்மை நோக்கி வரும், நம்மைக் கடக்கும், மேடை முனையில் ஒரு கணம் நிற்கும், திரும்பிப் போய்விடும். வாரக்கணக்கில் வெட்டியும் தைத்தும் பிரித்தும் மறுபடி தைத்தும் உருவான ஓர் உடையைப் பார்க்க நமக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

பேஷன் ஷோவையும் ஓவிய, சிற்பக் கண்காட்சியையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் உள்ளூர் நிகழ்ச்சிகள் இப்போது பல இடங்களில் நடக்கின்றன. முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ராம்ப் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். சுவரில் மாட்டியிருப்பவற்றைப் போகிற போக்கில் பார்ப்பதோடு சரி. இத்தகைய நிகழ்ச்சிகளில் சில ஆண்டுகள் மேடைக்குப் பின்னால் உடை மாற்றிவிடும் உதவியாளராக இருந்தேன். இப்போது பார்வையாளராகப் போகிறேன். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தவன் என்பதால், அவசரமாகப் போய்விடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். அவர்களிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: அழைப்பிதழில் மூன்று நேரங்களைத் தேடுங்கள்

கண்காட்சிக் கூடம் திறக்கும் நேரம், ஷோ தொடங்கும் நேரம், கூடம் மூடும் நேரம். அழைப்பிதழில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் நடுவில் உள்ளது மட்டுமே. அதை நம்பிச் சரியாக அந்த நேரத்துக்குப் போய் நின்றால், கண்காட்சியைப் பார்க்க வேண்டிய நல்ல நேரம் முழுவதும் போயிருக்கும். கூடம் திறக்கும் நேரம் அச்சிடப்படவில்லை என்றால் அமைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஷோவுக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிகழ்ச்சி எந்த வகை என்று பாருங்கள். சிலவற்றில் கண்காட்சி மாலை முழுதும் திறந்திருக்கும், நடுவில் ஒருமுறை ஷோ நடக்கும். சிலவற்றில் ஷோ முடிந்த பிறகுதான் கூடத்தின் கதவைத் திறப்பார்கள். இன்னொரு வகையில் ராம்பே இருக்காது. மாடல்கள் ஓவியங்களுக்கு நடுவே நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருப்பார்கள், பார்வையாளர்கள் அவர்களைச் சுற்றி நடப்பார்கள். இந்த மூன்றாவது வகை கிடைத்தால் விடாதீர்கள். உடையை ஓவியத்தைப் போல நின்று நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு அது.

டிக்கெட்டில் இருக்கை உண்டா, நின்று பார்க்க வேண்டுமா என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். முழங்கால் வலி உள்ள என் பெரியம்மாவை ஒருமுறை அழைத்துப்போனேன். 'பொது நுழைவு' என்றுதான் டிக்கெட்டில் இருந்தது. நாற்காலி இருக்காது என்று எங்கும் எழுதவில்லை. ஒன்றரை மணி நேரம் அவர் ஒரு தூணில் சாய்ந்தபடி நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. எனக்குத்தான் மனது ஆறவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ராம்ப் ஓரத்தில் இடம் ஒதுக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்கலாம், கேட்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் விட்டுவிட்டு ஒளிரும் விளக்குகள் உண்டா என்றும், ஆஸ்துமா உள்ளவர்கள் செயற்கைப் புகை விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டும் இத்தகைய மேடைகளில் சாதாரணமாகப் பயன்படுத்தப்படுபவை. குழந்தைகளோடு போனால் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள்.

இரண்டாம் படி: போவதற்கு முன் ஒரு மணி நேரம் படியுங்கள்

இதைக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துணியும் ஓவியமும் ஏன் ஒரே மேடைக்கு வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்த மாலை வேறாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை நியூசிலாந்தில் நடந்தது. 1987இல் சூசி மான்கிரீஃப் என்ற சிற்பி, நெல்சன் நகரத்துக்கு அருகே கிராமப்புறத்தில் இருந்த ஒரு கலைக்கூடத்துக்கு ஆட்களை வரவைக்க வழி தேடினார். கலைப்படைப்புகளைச் சுவரிலிருந்து இறக்கி மனித உடலில் ஏற்றி நடக்கவைத்தால் என்ன என்று யோசித்தார். ஒரு கூடாரத்தில் முதல் ஷோ நடந்தது. அதுவே 'வேர்ல்ட் ஆஃப் வேரபிள் ஆர்ட்' என்ற போட்டியாக வளர்ந்து, 2005இல் தலைநகர் வெலிங்டனுக்கு இடம்பெயர்ந்து, பல நாடுகளின் கலைஞர்கள் பங்கேற்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. நீங்கள் போகப்போகும் சிறிய உள்ளூர் நிகழ்ச்சிக்கும் அந்தக் கூடாரத்துக்கும் நோக்கத்தில் வித்தியாசம் இல்லை. ஓவியம் பார்க்க வராதவர்களை உடை அழைத்துவருகிறது.

இன்னும் பின்னால் போனால், 1937இல் எல்சா ஸ்கியாபரெல்லி என்ற வடிவமைப்பாளர் ஓவியர் சால்வடார் தாலியோடு சேர்ந்து ஒரு வெள்ளை உடையில் பெரிய சிவப்புக் கடல்நண்டு ஒன்றைப் பதித்தார். 1965இல் ஈவ் சான் லோரான் என்ற வடிவமைப்பாளர், பியெட் மோந்திரியான் என்ற ஓவியரின் கட்டம்போட்ட ஓவியங்களை உடையாக்கினார். படத்தில் பார்த்தால் துணியில் ஓவியத்தை அச்சிட்டது போலத்தான் தெரியும். உண்மையில் ஒவ்வொரு வண்ணக் கட்டமும் தனித்தனித் துண்டாக வெட்டப்பட்டு இணைக்கப்பட்டது. உடலின் வளைவுக்குத் தேவையான வடிவமைப்பு எல்லாம் அந்தக் கறுப்புக் கோடுகளின் தையலுக்குள் மறைக்கப்பட்டிருக்கிறது. தட்டையான ஓவியம் போலத் தோன்றும் உடை, உடலுக்குச் சரியாக அமர்வது அதனால்தான். இதை ஒருமுறை தெரிந்துகொண்டால், அதன்பிறகு எந்த உடையைப் பார்த்தாலும் கண் முதலில் தையல்கோட்டைத் தேடும்.

ராம்பே கலைநிகழ்வான தருணங்களும் உண்டு. 1998 செப்டம்பரில் லண்டனில் அலெக்சாண்டர் மெக்வீன் என்ற வடிவமைப்பாளர் நடத்திய ஷோவின் முடிவில், ஷாலோம் ஹார்லோ என்ற மாடல் வெள்ளை உடையில் சுழலும் மேடையில் நின்றார். இரு பக்கமும் இருந்த இரண்டு இயந்திரக் கைகள் அவர்மேல் வண்ணம் பீய்ச்சின. ரெபெக்கா ஹார்ன் என்ற கலைஞரின் ஒரு நிறுவல் கலைப்படைப்பிலிருந்து வந்த எண்ணம் அது. உடை முடிக்கப்பட்டது பார்வையாளர்களின் கண்முன்னே. 2000ஆம் ஆண்டில் உசேன் சலாயன் என்ற வடிவமைப்பாளர் ஒரு வரவேற்பறையை மேடையாக்கினார். நாற்காலி உறைகள் உடைகளாயின. வட்டமான மர மேசையின் நடுவில் ஒரு பெண் கால்வைத்து நின்று அதை இடுப்புவரை தூக்கியபோது அது பாவாடையானது. சலாயன் சைப்ரஸ் தீவில் பிறந்தவர். போர்க்காலத்தில் வீடுகளை விட்டு ஓட நேர்ந்த குடும்பங்கள், எதைக் கையோடு எடுத்துப்போக முடியும் என்று தவித்ததை நினைத்துச் செய்தது அது. காரணம் தெரிந்த பிறகு அந்த மேசைப் பாவாடையை வெறும் வித்தை என்று யாராலும் சொல்ல முடியாது.

சுவரும் உடையும் ஒன்றாகப் பேசிய ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் பாரிஸின் ரோதான் அருங்காட்சியகத்தில் தியோர் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனம் நடத்திய ஷோவில், மாத்வி பரேக், மனு பரேக் என்ற இந்திய ஓவியர்களின் படைப்புகள் மும்பையின் சாணக்யா கைவினைப் பள்ளியில் எம்பிராய்டரியாக மாற்றப்பட்டு அரங்கின் சுவர்களை நிரப்பின. ஷோ முடிந்தபின் சில நாட்கள் அந்தச் சுவர்களைப் பொதுமக்கள் வந்து பார்க்கத் திறந்துவைத்தார்கள். உடைக்குப் பின்னால் தெரியும் சுவர் யாருடைய கைவேலை என்று கேட்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

மூன்றாம் படி: என்ன உடுத்துவது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இதற்கு நான் கொடுக்கும் பதில் மிகச் சிறியது. நீங்கள் விரும்பி உடுத்தும் ஒன்றை உடுத்திப் போங்கள். அழைப்பிதழில் நிறமோ பாணியோ குறிப்பிட்டிருந்தால் மட்டும் மதியுங்கள். அங்கே வரும் பலர் வித்தியாசமாக உடுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்துக் கூச வேண்டியதில்லை, போட்டி போடவும் வேண்டியதில்லை.

காலணி வேறு விஷயம். கேலரித் தரை கடினமானது. இரண்டு மூன்று மணி நேரம் நிற்கவும் நடக்கவும் வேண்டும். பழகிய காலணியே போதும். முதுகுப்பை வேண்டாம். ஓவியத்தைப் பார்க்கத் திரும்பும்போது அந்தப் பை பின்னால் இருக்கும் சிற்பத்தைத் தட்டிவிடும். நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது நுழைவாயிலில் கொடுத்து வையுங்கள். ஒரு சிறிய குறிப்பேடும் பென்சிலும் எடுத்துப்போங்கள். பேனா வேண்டாம் என்பது பல அருங்காட்சியகங்களின் விதி. மையின் கறை போகாது, பென்சில் கோட்டை அழிக்கலாம்.

நான்காம் படி: முதலில் கேலரி

உள்ளே நுழைந்ததும் கூட்டம் ராம்ப் பக்கம் இழுக்கும். போகாதீர்கள். ஷோவுக்குப் பிறகு கூடம் நெரிசலாக இருக்கும், எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள், கண்ணும் களைத்திருக்கும். ஓவியத்தைப் பார்க்க வேண்டிய நேரம் ஷோவுக்கு முந்தைய அமைதிதான்.

முதல் சுற்று வேகமாக நடங்கள். எதன் முன்னாலும் நிற்காமல், பெயர்ப்பலகை எதையும் படிக்காமல், முழுக் கூடத்தையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். உங்கள் கால் எங்கே தானாக வேகம் குறைகிறது என்று மட்டும் கவனியுங்கள். அப்படி மூன்று படைப்புகள் அகப்பட்டால் போதும். இரண்டாம் சுற்றில் அந்த மூன்றுக்கு மட்டும் திரும்பிப் போங்கள். முப்பது ஓவியங்களை ஒவ்வொன்றும் பத்து விநாடி பார்ப்பதைவிட மூன்றை ஐந்தைந்து நிமிடம் பார்ப்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற கலைஞர்களுக்கு அநியாயம் செய்கிறோமோ என்று தோன்றினால், இன்னொரு நாள் வாருங்கள். கண்காட்சி பெரும்பாலும் ஷோ முடிந்த பிறகும் சில நாட்கள் நீடிக்கும்.

பெயர்ப்பலகையை எப்படிப் படிப்பது? கலைஞரின் பெயர், படைப்பின் தலைப்பு, ஆண்டு, எதனால் எதன்மேல் செய்யப்பட்டது, அளவு என்பதுதான் வழக்கமான வரிசை. அளவில் உயரம் முதலில் வரும், அகலம் பிறகு. 'கித்தான்மேல் எண்ணெய் வண்ணம்' (கித்தான் என்பது கேன்வாஸ் துணி) என்றால் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள். தூரிகை விட்டுப்போன மேடுபள்ளங்கள் விளக்கொளியில் தெரியும். 'தாளில் நீர்வண்ணம்' என்றால் நெருங்கிப் பாருங்கள்; வெள்ளையாகத் தெரியும் இடம் பெரும்பாலும் வண்ணம் படாமல் விட்ட தாள்தான். அச்சுப்படைப்பின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 3/25 என்று இருந்தால், 25 பிரதிகளில் அது மூன்றாவது என்று பொருள். பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுப்போய்விட்டது.

பழைய உடைகளோ துணிப்படைப்புகளோ வைத்திருக்கும் பகுதியில் வெளிச்சம் மங்கலாக இருந்தால் யாரும் விளக்கைக் குறைசொல்ல வேண்டாம். ஒளி துணியின் சாயத்தை வெளுக்கவைக்கிறது, இழையைப் பலவீனமாக்குகிறது. போன நிறம் திரும்பாது. அதனால்தான் துணி, தாள் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இரண்டு நிமிடம் பொறுங்கள், கண் பழகிவிடும்.

தொடாதீர்கள் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். துணியைத் தொட்டுப் பார்த்தே பழகிய நமக்கு அது கடினம்தான். விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வை உப்பும் துணியில் தங்கி, நாளடைவில் கறையாகும். ஆனால் தொடும் ஆசை நியாயமானது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. துணியின் மாதிரித் துண்டு இருக்கிறதா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். பலரும் வைத்திருப்பார்கள், மகிழ்ச்சியாகக் காட்டுவார்கள்.

ஐந்தாம் படி: எங்கே உட்காருவது

எண்ணிட்ட இருக்கை என்றால் கேள்வியே இல்லை. இல்லாவிட்டால், எல்லோரும் ராம்பின் முனைக்குப் போவார்கள். அங்கே புகைப்படக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள், நம் பார்வை மறைந்துவிடும். நான் தேர்வுசெய்வது ராம்பின் நீளத்தில் பாதி கடந்த இடம், ஒரு பக்கவாட்டு இருக்கை. உடை வரும்போது முன்பக்கம், கடக்கும்போது பக்கவாட்டு, போகும்போது பின்பக்கம் எல்லாம் அங்கிருந்து தெரியும். முன்வரிசை பெரும்பாலும் விருந்தினருக்கும் பத்திரிகையாளருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வரிசையில் ஒன்றும் குறைந்துவிடாது.

உட்கார்ந்த பின் காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். மாடலின் கண் நேரே விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். தரை அவருக்குத் தெரியாது. நீட்டிய கால் ஒன்று, பையின் வார் ஒன்று போதும், அவர் தடுக்கி விழ. ஷோ தொடங்கும்வரை ராம்பின்மேல் விரிப்புப் போட்டு மூடியிருப்பார்கள்; அதன்மேல் நடந்து குறுக்கே கடக்காதீர்கள்.

சொன்ன நேரத்துக்குத் தொடங்காது. இதை ஏற்றுக்கொண்டே போங்கள். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் கூந்தல் முடியவில்லை. ஒருவரின் ஜிப் மேலே ஏறவில்லை, யாரோ மெழுகுவர்த்தியைத் தேய்த்து அதை வழுக்கவைக்கப் பார்க்கிறார்கள். ஒரு செருப்பு அரை அளவு பெரிது, உள்ளே பஞ்சு வைத்து அடைக்கிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தாங்கியில் உடைகள் வரிசையாகத் தொங்கும். எந்த உடைக்கு எந்தக் காதணி, எந்தச் செருப்பு என்று படத்தோடு ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒரு மாடல் இரண்டாம் முறை வர வேண்டுமென்றால், ஒரு உடையைக் கழற்றி இன்னொன்றை அணிவித்து மேடை வாசலில் நிறுத்த எங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அவிழ்க்க வேண்டிய பொத்தான்கள் எல்லாம் முன்பே அவிழ்ந்திருக்கும், செருப்பின் வார்கள் திறந்திருக்கும். அங்கே யாரும் பேச மாட்டார்கள். கைகள் மட்டும் வேலை செய்யும். நாற்காலியில் காத்திருக்கும் இருபது நிமிடம் அந்தக் கைகளுக்கானது.

ஆறாம் படி: கடந்துபோகும் உடையைப் பார்ப்பது

ஷோ பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் மூன்று உடைகள் நம் கண்ணுக்குப் பழகவே போய்விடும். அதனால் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்வது நல்லது. நான் கடைப்பிடிப்பது இது.

தூரத்தில் இருக்கும்போது வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். நிறத்தை மறந்துவிட்டு, நிழலுருவம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: தோள் அகன்றதா, இடுப்பு எங்கே, கனம் எந்தப் பக்கம் விழுகிறது. நெருங்கி வரும்போது துணியைப் பாருங்கள். அது நடைக்குப் பிறகு அசைகிறதா, நடையோடு அசைகிறதா? கனத்த பட்டு கொஞ்சம் தாமதித்து அசையும். மெல்லிய ஷிஃபான் சிறு அசைவிலும் பறக்கும். சில உடைகள் எந்தப் பட்டனும் சுருக்கும் இல்லாமல் உடலில் நீர்போல வழியும். துணியை நேர் இழையில் வெட்டாமல் 45 டிகிரி சாய்த்து வெட்டியிருப்பார்கள். நீளவாக்கில் ஓடும் பாவுநூலும் அகலவாக்கில் ஓடும் ஊடைநூலும் உடலில் சாய்வாக நிற்பதால் துணிக்கு நெகிழ்வு வந்துவிடுகிறது. 1920களில் மத்லேன் வியோனே என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் இந்த வெட்டைத் தன் கலையாகவே ஆக்கிக்கொண்டார்.

உடை உங்களைக் கடந்ததும் கண்ணை அடுத்த மாடலுக்குத் திருப்பிவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு விநாடி கூடுதலாக அதன் முதுகைப் பாருங்கள். முன்பக்கத்தில் அழகு காட்டுவது எளிது. முதுகில் தையல் எப்படி முடிகிறது, ஜிப்பை எங்கே மறைத்திருக்கிறார், கீழ்விளிம்பு சமமாக விழுகிறதா என்பதில்தான் ஒரு வடிவமைப்பாளரின் தேர்ச்சி தெரியும். இதை எனக்குச் சொல்லித்தந்தது மேடைக்குப் பின்னால் இருந்த ஒரு மூத்த தையற்கலைஞர். 'முதுகைப் பாருப்பா, அங்கேதான் வேலை இருக்கு' என்பார்.

எல்லா உடையையும் நினைவில் வைக்க முயலாதீர்கள். குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல், ஒரு கோடு போதும். 'இடது தோள்', 'துருநிறம்', 'நடக்கும்போது சத்தம்' என்று நான் எழுதுவேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்த ஒரு சொல் முழு உடையையும் திரும்பக் கொண்டுவரும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாடலின் உடலைப் பற்றிப் பேசாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்வதாக நினைப்போம். ராம்ப் ஓரத்தில் பாட்டு நிற்கும் இடைவெளியில் எல்லாம் காதில் விழும். உள்ளூர் நிகழ்ச்சிகளில் நடப்பவர்களில் பலர் மாணவர்கள், முதல்முறை நடப்பவர்கள். அப்படி ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் அழுதுகொண்டே அடுத்த உடைக்குக் கைநீட்டிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

கைப்பேசி பற்றி

படம் எடுங்கள், ஆனால் மூன்று நான்கு உடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கினால் பின்வரிசைக்குத் திரை விழுந்ததுபோல் ஆகிவிடும். நெஞ்சுயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ராம்பில் நடப்பவரின் கண் கூசும், கேலரியில் கண்ணாடிச் சட்டங்களில் எதிரொளித்துப் படமும் கெடும். ஓவியங்களைப் படம் எடுப்பதற்கு முன் கூடத்தில் கேளுங்கள். சில கலைஞர்கள் விரும்புவதில்லை. பிறகு இணையத்தில் பகிர்ந்தால் ஓவியர், வடிவமைப்பாளர் இருவர் பெயரையும் எழுதுங்கள். நினைவிருக்காது என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் அடுத்த படமாகப் பெயர்ப்பலகையை எடுத்துவிடுவது என் வழக்கம்.

ஏழாம் படி: கைதட்டல் முடிந்த பிறகு

இறுதியில் எல்லா மாடல்களும் வரிசையாக வருவார்கள், பின்னால் வடிவமைப்பாளர் வந்து வணங்குவார். கைதட்டுங்கள், நன்றாகவே தட்டுங்கள். பின்னறையில் நிற்பவர்களுக்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்கும்.

இப்போது கூட்டம் வாசல் பக்கம் நகரும். நீங்கள் மறுபடி கேலரிக்குள் போங்கள். முன்பு தேர்ந்த அந்த மூன்று படைப்புகளின் முன்னால் இரண்டிரண்டு நிமிடம் நில்லுங்கள். இதற்காகத்தான் இவ்வளவு வரிசைப்படுத்தினேன். ராம்பில் பார்த்த துருநிறம் ஓவியத்தின் மூலையில் இருக்கும். முன்பு அது கண்ணில் பட்டிருக்காது. ஓவியத்தில் வரைந்த சேலை மடிப்பு உண்மையில் அப்படி விழுமா என்று கேட்கத் தோன்றும், ஏனென்றால் இப்போதுதான் துணி விழுவதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒருமுறை நான் எளிதாகத் தாண்டிப்போன ஒரு கரிக்கோட்டு ஓவியம், ஷோவுக்குப் பிறகு பார்த்தபோது நடந்துபோகும் ஒரு பெண்ணின் முதுகு என்று தெரிந்தது. அதற்கு முன் அது எனக்கு வெறும் கோடுகள்.

கலைஞர்கள் பக்கத்திலேயே நின்றிருப்பார்கள், யாராவது வந்து பேச மாட்டார்களா என்று. தயங்காமல் போங்கள். 'இதன் பொருள் என்ன' என்று தொடங்கினால் பலர் திணறுவார்கள். 'இந்த இடத்தை எப்படிச் செய்தீர்கள்' என்று ஓர் இடத்தைச் சுட்டிக் கேளுங்கள், பேச்சு தானாக ஓடும். வடிவமைப்பாளரிடம் எந்த உடை கடைசிவரை தொல்லை கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். பிடிக்காத படைப்பைப் பிடித்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்ததன் பக்கத்தில் நின்று ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியம் சொன்னால் அவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வாங்க விரும்பினால்: ஓவியங்களின் விலைப்பட்டியல் பெரும்பாலும் முகப்பு மேசையில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். கேட்டதற்காக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த விலையில் ஒரு பங்கு கூடத்துக்குப் போகும், பல இடங்களில் அது பாதி வரை இருக்கும், மீதிதான் கலைஞருக்கு. பேரம் பேசத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கினால் ரசீதும், கலைஞர் கையொப்பமிட்ட சான்றும் கேட்டு வாங்குங்கள். கண்காட்சி முடியும்வரை படைப்பு சுவரிலேயே இருக்கும். எப்போது எடுத்துக்கொள்ளலாம், யார் கட்டிக் கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள்.

உடையில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ராம்பில் வந்தது ஒரு மாடலின் அளவுக்குச் செய்த மாதிரி; அதில் பல இடங்களில் அவசரத் தையல் இருக்கும், சில சமயம் குண்டூசிகூட இருக்கும். அதே உடையை உங்கள் அளவுக்குத் தைத்துத் தர முடியுமா, எத்தனை முறை அளவு பார்க்க வர வேண்டும், எத்தனை வாரம் ஆகும், உள்துணி உண்டா, வீட்டில் துவைக்கலாமா என்று கேளுங்கள். பக்கவாட்டுத் தையலில் பிரித்துப் பெரிதாக்கத் துணி விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பணம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கருத்துப் புத்தகத்தில் 'அருமை' என்று எழுதாமல், எந்தப் படைப்பு, அதில் எது என்று எழுதி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு நிதி கேட்கப் போகும்போது அமைப்பாளர்கள் எடுத்துக்காட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

கிளம்பும் முன் முகப்பு மேசையில் கண்காட்சி இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் வார நாள் ஒன்றில் பகலில் தனியாக வாருங்கள். ராம்பைக் கழற்றி எடுத்துப் போயிருப்பார்கள். தரையில் அது இருந்த இடத்தில் ஒட்டுநாடாவின் தடம் மட்டும் இருக்கும். சில நிகழ்ச்சிகளில் ஷோவில் வந்த இரண்டு மூன்று உடைகளை உருவபொம்மைகளில் நிறுத்திவைப்பார்கள். அன்று ஒரு நிமிடத்துக்குள் கடந்துபோன முதுகைச் சுற்றிவந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.